மின்னல் காட்டிய முற்றம்

சில மரணங்களைக் குறித்துப் பேச்சு எழும்போது, இறந்தவர் எப்படி வாழ்ந்தார் என்று முதலில் எவரும் கேட்பதில்லை. “அந்தச் செய்தி வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்றே கேட்கின்றனர். கேட்கப்பட்டவரும் தயங்குவதில்லை. எந்த வீடு, எந்த அறை, கையில் என்ன இருந்தது, யார் வந்து சொன்னார் என்பது வரை ஒப்புவிக்கிறார். இத்தனைக்கும் இறந்தவர் அவருக்கு உற்றாரும் அல்லர். ஒருமுறையேனும் அவர் நேரில் கண்டவரும் அல்லர். இவ்வழக்கத்தை நாம் முதலில் வியப்போடு நோக்கினோம். பின்னர் சற்று எரிச்சலோடு நோக்கினோம். இறுதியில் நமது நெஞ்சையே தொட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. அவ்வாறு நேர்ந்த கதையை வாசகர்முன் வைக்க விழைகிறோம்.

2010ஆம் ஆண்டில், ஆயர் அவர்களின் இசைவோடு, நியூயார்க் மாநகரின் பங்கு ஒன்றில் சில மாதங்கள் உதவிக் குருவாகப் பணியாற்றினோம். டிசம்பர் 8, தூய கன்னி மரியாவின் அமல உற்பவப் பெருவிழா. அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு அமல அன்னையே பாதுகாவலி. ஆதலால் அங்கே அது கடன் திருநாள். மாலைத் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, பங்கைச் சேர்ந்த நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் பீடத்துக்குப் பின்னுள்ள அறையின் வாயிலில் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். “ஃபாதர், ஒரு மணி நேரம் என்னோடு வர முடியுமா? ஒருவருக்காகச் செபிக்க வேண்டும்” என்றார். யாரோ நோயாளி போலும் என்று எண்ணி, நோயில்பூசுதலுக்கான எண்ணெய்ச் சிமிழையும் சட்டைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டோம். அவர் நம்மை அழைத்துச் சென்றதோ சென்ட்ரல் பார்க் என்னும் பெரும் பூங்காவுக்கு.

பூங்காவின் மேற்கு ஓரத்தில், தரையில் வட்டமாகப் பதித்த சலவைக்கல் சித்திரம் ஒன்று உண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம் அளித்த கொடை அது. அதன் நடுவில் ‘இமாஜின்’ என்னும் ஒரே சொல் பொறிக்கப்பட்டுள்ளது. எலும்பைத் துளைக்கும் குளிரில் நூற்றுக்கணக்கானோர் அவ்வட்டத்தைச் சூழ்ந்து நின்றனர். மெழுகுதிரிகள், மலர்கள், நிழற்படங்கள். சிலர் கித்தார் மீட்டிப் பாடினர். மற்றவர்கள் உடன் பாடினர். சிலர் அழுதனர். ஜான் லெனன் என்னும் ராக் இசைக்கலைஞர் கொல்லப்பட்டு அன்றோடு முப்பது ஆண்டுகள் நிறைவுற்றிருந்தன.

அவரைப் பற்றி அறியாத வாசகருக்காகச் சில சொற்கள். லெனன் 1940 அக்டோபர் 9 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரில் பிறந்தவர். 1960களில் உலகெங்கும் இளைஞரை ஈர்த்த ‘பீட்டில்ஸ்’ குழுவின் நால்வருள் ஒருவர். குழு 1970இல் பிரிந்தது; மறு ஆண்டு அவர் நியூயார்க்கில் குடியேறினார். 1975இல் மகன் பிறந்ததும், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இசையுலகை விட்டு விலகிக் குழந்தையை வளர்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார். 1980 நவம்பரில் அவருடைய புதிய இசைத்தட்டு வெளிவந்தது. அது வெளிவந்த மூன்றே வாரத்தில், டிசம்பர் 8, திங்கட்கிழமை இரவு ஏறத்தாழ 10.50 மணிக்கு, மனைவி யோக்கோ ஓனோவுடன் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து திரும்பி, தாம் குடியிருந்த டகோட்டா என்னும் கட்டடத்தின் வாயிலில் நடந்தபோது, இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் பின்னாலிருந்து அவரைச் சுட்டான். அன்று பிற்பகல் அதே வாயிலில் அவ்விளைஞன் நீட்டிய இசைத்தட்டில்தான் லெனன் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். காவலர்கள் தம் வண்டியிலேயே அவரை மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினர். பயன் இல்லை. வயது நாற்பது.

அந்நேரம் அமெரிக்காவில் பல இலட்சம் பேர், மயாமியில் நடந்த கால்பந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தனர். இரு அணிகளும் 13க்கு 13 எனச் சமநிலையில் இருக்க, ஆட்டம் முடியச் சில நொடிகளே எஞ்சியிருந்த வேளையில், வர்ணனையாளர் ஹோவர்ட் கோசெல் அச்செய்தியை அறிவித்தார். லிவர்பூலில் அப்போது மறுநாள் விடியற்காலை. இந்தியாவிலோ 9ஆம் நாள் காலை. அவர் இறந்த நாள் எது என்பதுகூடக் கேட்டவர் நின்ற இடத்தைப் பொறுத்ததாயிற்று.

ஓட்டுநர் தம் கதையைச் சொன்னார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. குயின்ஸ் பகுதியில், கைம்பெண்ணான தாயோடு சிறு வீட்டில் குடியிருந்தார். தாயின் வற்புறுத்தலால் மாலையில் பெருவிழாத் திருப்பலிக்குச் சென்று வந்தார். இரவு சமையலறை மேசை எதிரே அமர்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய் நீலக் கோடு போட்ட துணியால் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். செய்தி வந்ததும் மகன் எழுந்து நின்றுவிட்டார். தாய்க்குப் பாடகர் யாரென்று தெரியாது. மகனின் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார், “அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்கிறாளா?” என்று மட்டும் கேட்டார். பின்னர் ஈரக் கையால் சிலுவை அடையாளம் இட்டு, ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னார். துணியின் ஒரு மூலை கிழிந்திருந்தது என்பது வரை அவருக்கு நினைவிருந்தது.

“அம்மா நலமா?” என்று கேட்டோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அம்மா 1996இல் இறந்தார்கள், ஃபாதர். நான் பணியில் இருந்தேன். எந்தத் தெருவில் பேருந்து நின்றது, யார் வந்து சொன்னார்கள், நான் என்ன சொன்னேன், ஒன்றும் நினைவில்லை. ஒரு பாடகன் இறந்தபோது எங்கே இருந்தேன் என்று முப்பது ஆண்டுகளாகத் தெரிகிறது. என்னைப் பெற்றவள் இறந்தபோது எங்கே இருந்தேன் என்று தெரியவில்லை. இது பாவமா?”

குருமடத்தில் கற்ற விடை நம்மிடம் கையிருப்பாக இருந்தது. முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாத இடத்தில் சாவான பாவம் இல்லை. மறதி மனிதனின் விருப்பத்துக்கு உட்பட்டது அன்று. அதையே சொன்னோம். சரியான விடைதான். ஆனால் அவர் கேட்டதற்கு உரிய விடை அன்று என்பது அவர் தலையசைத்த விதத்திலேயே தெரிந்தது. எண்ணெய்ச் சிமிழ் சட்டைப்பையில் கனக்க, பங்கு இல்லம் திரும்பினோம்.

அன்றிரவு நமது உள்ளத்தில் எழுந்தது இரக்கம் அன்று. எரிச்சலே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பாடகரா இத்தனை கண்ணீருக்கு உரியவர்? தமது குழு இயேசுவைவிட மக்களிடையே புகழ் பெற்றுவிட்டது என்ற பொருளில் 1966இல் பேசி, உலகெங்கும் கண்டனத்துக்கு ஆளாகிப் பின்னர் வருத்தம் தெரிவித்தவர் அல்லவா? பூங்காவில் பொறித்த சொல்லைத் தலைப்பாகக் கொண்ட 1971ஆம் ஆண்டுப் பாடல், மறுமையும் மதமும் அற்ற உலகை எண்ணிப் பார்க்கச் சொல்வதன்றோ? ஆயினும் வத்திக்கானின் நாளேடான ‘லொஸ்ஸர்வத்தோரே ரொமானோ’வே 2008இல் அப்பழைய பேச்சை, எதிர்பாராப் புகழில் திளைத்த இளைஞனின் தற்பெருமை என்று பெருந்தன்மையோடு கடந்து சென்றதை நினைவுகூர்ந்து நம்மை அடக்கிக்கொண்டோம். அவருடைய வாழ்க்கையைப் பற்றிப் படித்தபோது, ஓட்டுநரின் தாய் கேட்ட கேள்விக்கும் விடை கிடைத்தது. லெனனுக்குத் தாய் இல்லை. அவரை வளர்த்தவர் பெரியம்மா. 1958 ஜூலை 15 அன்று, அந்தப் பெரியம்மாவின் வீட்டுக்கு வந்து திரும்பிய தாய் ஜூலியா, சாலையைக் கடக்கையில் மகிழுந்து மோதி இறந்தார். மகனுக்கு அப்போது வயது பதினேழு. காவலர் ஒருவர் வாயிலுக்கு வந்து செய்தி சொன்ன அந்த வேளையை அவர் பின்னாளிலும் மறக்கவில்லை. ‘எங்கே இருந்தாய்?’ என்ற கேள்விக்குரிய வடு அவருக்கும் இருந்தது.

எரிச்சலுக்கு மற்றொரு காரணமும் இருந்தது; அது அத்தனை எளிதில் அடங்கவில்லை. 1980 நவம்பர் 29 அன்று, அதே மன்ஹாட்டன் தீவில், வீடற்ற பெண்களுக்கென நடத்தப்பட்ட இல்லத்தின் சிற்றறை ஒன்றில் டாரதி டே அம்மையார் தமது 83ஆம் வயதில் இறந்தார். 1933இல் கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தைத் தோற்றுவித்து, ஏழைகளோடு ஏழையாக வாழ்ந்து, இன்று ‘இறை ஊழியர்’ எனத் திருச்சபையால் அழைக்கப்படுபவர் அவர். டிசம்பர் 2 அன்று இரவு, எல் சால்வடார் நாட்டில், ஏழை அகதிகளுக்குப் பணி செய்த அமெரிக்கப் பெண்கள் நால்வர் அந்நாட்டுத் தேசியக் காவற்படையினரால் கொல்லப்பட்டனர். மேரிநோல் சபை அருட்சகோதரியர் ஈட்டா ஃபோர்டு, மோரா கிளார்க், உர்சுலைன் சபை அருட்சகோதரி டாரதி கேசல், பொதுநிலையினரான ஜீன் டோனவன் ஆகியோரே அந்நால்வர். அருட்சகோதரி மோரா கிளார்க், ஓட்டுநர் வாழ்ந்த அதே குயின்ஸ் பகுதியில் வளர்ந்தவர். பத்து நாள்களுக்குள் இத்தனை மரணங்கள். பாடகரின் மரணம் மட்டும் கிழிந்த துணியின் மூலை வரை நினைவில் நிற்க, மற்றவை எங்கே போயின?

அன்பு ஒழுங்குபடுத்தப்பட வேண்டியது என்று நமக்குக் கற்பித்தவர் புனித அகுஸ்தீனார். இளமையில் தீதோ என்னும் கதைமாந்தரின் சாவுக்காகக் கண்ணீர் வடித்த தாம், தமது சொந்த ஆன்மா இறைவனை விட்டு அகன்று செத்துக்கொண்டிருந்ததற்காக ஒரு துளியும் சிந்தவில்லையே என்று ‘ஒப்புரவு’களின் முதல் பகுதியில் அவர் தம்மைத்தாமே இடித்துரைக்கிறார். இதையே மறையுரையில் சொல்லிவிடலாம் என்று எண்ணினோம். தொலைவில் உள்ளவருக்கு அழும் கண்கள் அருகில் உள்ளவருக்கு வறண்டு போகின்றன என்று சாடுவது எளிது. அத்தகைய மறையுரை ஒன்றைக் குறித்தும் வைத்தோம். அதை நாம் ஆற்றவில்லை. ஏன் ஆற்ற இயலவில்லை என்பதே இக்கட்டுரையின் மையம்.

நாடு திரும்பியபின், மனித நினைவைப் பற்றிய சில ஆய்வுகளைப் படிக்க நேர்ந்தது. 1899இல் எஃப். டபிள்யூ. கோல்கிரோவ் என்னும் அமெரிக்கர், 1865இல் குடியரசுத் தலைவர் லிங்கன் சுடப்பட்ட செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள் என்று 179 பேரிடம் கேட்டார். 127 பேர் விவரமாக விடை கூறினர். எனவே இவ்வழக்கம் தொலைக்காட்சியோடு வந்தது அன்று. ஆனால் அவர்கள் கூறியது உண்மைதானா? 1986 ஜனவரி 28 அன்று ‘சேலஞ்சர்’ விண்கலம் வெடித்து எழுவர் இறந்தனர். உளவியல் அறிஞர் உல்ரிக் நைசர், நிக்கோல் ஹார்ஷ் என்பாருடன் சேர்ந்து, செய்தியைக் கேட்ட விதத்தை மறுநாள் காலையிலேயே மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அவர்களுள் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார். முழுமையாகச் சரியாகச் சொன்னவர் மூவரே. பதினொருவர் முக்கிய விவரங்கள் அனைத்தையும் தவறாகச் சொன்னார்கள், அதுவும் ஐயமின்றிச் சொன்னார்கள். தம் கையெழுத்தை அவர்களிடமே காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை. நைசருக்கே அத்தகைய அனுபவம் உண்டு. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட செய்தி வந்தபோது, சிறுவனான தாம் வானொலியில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்ததாக நெடுங்காலம் நம்பியிருந்தார். டிசம்பரில் பேஸ்பால் ஆடுவதே இல்லை என்பது பல ஆண்டுகள் கழித்தே அவருக்கு உறைத்தது.

இதைப் படித்தபோது நமது நெஞ்சில் ஒரு முள் தைத்தது. நமக்கும் அழியாத நினைவு ஒன்று உண்டு. 2003ஆம் ஆண்டு, வேறொரு பங்கில் பணியாற்றியபோது, நாற்பது ஆண்டுகள் அப்பங்குக்கு உழைத்த முதிய உபதேசியார் நோயுற்றுக் கிடந்தார். ஒரு மாலை அவருடைய மகள் வந்து, “சாமி, அப்பா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்” என்றார். அன்று பங்குத் திருவிழாவின் கொடியேற்றம். கொடிமரத்தடியில் மேளச் சத்தத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவே நின்றிருந்தோம். “நாளைக் காலைத் திருப்பலி முடிந்ததும் வருகிறேன், அம்மா” என்றோம். அன்றிரவே உபதேசியார் இறந்தார். நோயில்பூசுதலும் இல்லை, வழியுணவாக நற்கருணையும் இல்லை. அந்தக் கொடிமரம், அந்தச் சத்தம், மகளின் தலையில் இருந்த முக்காடு எல்லாம் இன்றும் கண்முன் நிற்கின்றன. நினைக்கும்தோறும் வருந்தினோம். எனினும் வருத்தத்தின் அடியில் ஓர் ஆறுதலும் இருந்தது. ஆயிரம் பேர் சூழ்ந்து நிற்கக் கொடியேற்றத்தை விட்டு எந்தக் குருவால் போக முடியும்?

2012இல் வேறொரு அலுவலாக அப்பங்குக்குச் சென்றபோது, அடக்கப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினோம். பக்கம் கிடைத்தது. அருட்சாதனங்கள் பெற்ற விவரத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. கீழே நமது கையொப்பம். இறந்த நாளைப் பார்த்தோம். திருவிழா முடிந்து மூன்றாம் நாள்.

பதிவேட்டை மூடாமல் நெடுநேரம் நின்றோம். கொடியேற்றம் இல்லை, மேளம் இல்லை, வெடியும் இல்லை. மகள் வந்தது வெறிச்சோடிய கோவில் வளாகத்துக்கு. நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? பத்து நாள் விழா முடிந்த களைப்பில் அமர்ந்திருந்திருக்கலாம். எழுந்து செல்ல மனமில்லாது இருந்திருக்கலாம். உபதேசியாரின் வீடு கோவிலிலிருந்து ஐந்து நிமிட நடை. நமது நினைவு நமக்காகவே ஒரு வழக்கறிஞரைப் போல் உழைத்து, கொடிமரத்தையும் ஆயிரம் சாட்சிகளையும் கொண்டுவந்து நிறுத்தி, நம்மை விடுதலை செய்திருந்தது. நாம் பொய் சொல்லவில்லை, பொய்யை நம்பியிருந்தோம். பிறருடைய நினைவுகளைப் பற்றி மறையுரை ஆற்றப் புறப்பட்டவனின் நிலை இது. அதன்பின் நல்ல ஒப்புரவாளர் ஒருவரை நாடிச் சென்றோம். உபதேசியாரின் மகளைத் தேடிச் சென்று நடந்ததை உள்ளபடி சொல்லி மன்னிப்பும் கேட்டோம். அவர் அந்நாளை நம்மைவிடச் சரியாக நினைவில் வைத்திருந்தார். “அன்றைக்குத் திருவிழா இல்லை, சாமி. எனக்குத் தெரியும்” என்றார். ஒன்பது ஆண்டுகளாக அவர் அதை எவரிடமும் சொன்னதில்லை.

இதற்குப் பிறகே விவிலியத்தை இந்தக் கேள்வியோடு திறந்து பார்த்தோம். எங்கே இருந்தோம் என்னும் நினைவை நற்செய்தி இகழவில்லை. இயேசுவை முதன்முதல் பின்தொடர்ந்த நாளை எழுதும் யோவான், அப்போது ஏறக்குறைய பத்தாம் மணி வேளை என்று குறித்து வைக்கிறார். வேறு பயன் எதுவும் இல்லாத விவரம் அது. கண்டவர் மறக்க இயலாத வேளை என்பது தவிர. அதே யோவான், தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு நின்ற இடத்தையும் சொல்கிறார். கரி நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்தவர்களோடு நின்றார். அங்கே மும்முறை மறுதலித்தார். சேவல் கூவிய அந்த வேளையை, அந்த நெருப்பை, பேதுரு வாழ்நாளெல்லாம் சுமந்திருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நற்செய்தியின் இறுதியில் மற்றொரு கரி நெருப்பு வருகிறது. திபேரியாக் கடற்கரையில் உயிர்த்த ஆண்டவரே மூட்டி வைத்தது அது. புதிய ஏற்பாட்டில் கரி நெருப்பைக் குறிக்கும் அக்கிரேக்கச் சொல் இவ்விரு இடங்களில் மட்டுமே வருகிறது என்று குருமடத்தில் படித்திருந்தோம், தேர்வுக்காகப் படித்தது. இப்போதுதான் விளங்கியது. ஆண்டவர் பேதுருவின் நினைவை அழிக்கவில்லை. வசதியான வேறொரு நினைவையும் தரவில்லை. அதே நெருப்பின் அருகே மீண்டும் நிறுத்தி, மும்முறை அன்பைக் கேட்டு, மும்முறை மந்தையை ஒப்படைத்தார். ‘அன்று எங்கே இருந்தாய்?’ என்று அவர் கேட்கவில்லை. இனி யாரைப் பேணுவாய் என்பதையே கேட்டார்.

இறைவன் மனிதனிடம் கேட்ட முதற்கேள்வியும் அவன் எங்கே இருக்கிறான் என்பதுதான். ஏதேனில் மரங்களிடையே ஒளிந்திருந்த ஆதாமிடம் கேட்டது. அடுத்த அதிகாரத்தில் காயினிடம் கேட்டதோ, அவனுடைய சகோதரன் எங்கே என்பது. இவ்விரு கேள்விகளும் விவிலியத்தில் அடுத்தடுத்த அதிகாரங்களில் நிற்பது தற்செயல் அன்று. நாம் எங்கே இருந்தோம் என்று நினைவுகூர்வதில் குற்றமில்லை. முதற்கேள்வியோடு நின்றுவிட்டு, இரண்டாம் கேள்வி வருமுன் பேச்சை முடித்துக்கொள்வதில்தான் குற்றம் இருக்கிறது.

இவ்வெளிச்சத்தில் ஓட்டுநரின் கதையை மீண்டும் எண்ணிப் பார்த்தோம். அவர் முப்பது ஆண்டுகளாகக் காத்து வந்தது எதை? லெனன் விழுந்த வாயிலை அவர் காணவில்லை. அவருடைய நினைவில் லெனனின் முகமே இல்லை. இருப்பது ஒரு சமையலறை. நீலக் கோடு போட்ட துணி. மகனின் முகத்தைப் பார்த்துத் தட்டைக் கீழே வைத்த ஒரு தாய். முன்பின் அறியாத ஒரு பிள்ளைக்காக ஈரக் கையோடு செபித்த ஒரு தாய். பாடகரின் பெயரைச் சொல்லி அவர் இத்தனை காலம் காத்தது தம் தாயை அன்றோ? கார்காலத்து இரவில் மின்னல் வெட்டும்போது, அம்மின்னல் நம் கண்ணில் நிற்பதில்லை. அது ஒரு கணம் காட்டிய நமது வீட்டு முற்றமே நிற்கிறது. தொலைவில் நேர்ந்த ஒரு மரணம், அன்று அவருடைய வீட்டை அவருக்குக் காட்டியது. பாடகரை அழைத்துக்கொண்டு தாயும் அந்நினைவில் வந்து குடியேறினார்.

தாயின் மரணத்துக்குப் படம் ஏதும் எஞ்சவில்லையே என்றால், அதுவும் அன்பின்மையால் அன்று. தொலைவில் உள்ளவரின் மரணம் ஒரே ஒரு புள்ளியில் நம்மைத் தொடுகிறது. ஆகவே அப்புள்ளி பளிச்சென்று தெரிகிறது. உடன் வாழ்ந்தவரின் மரணம் ஒரு நாளில் முடிவதில்லை. எரியாத அடுப்பிலும் காலி நாற்காலியிலும் நாள்தோறும் அது நேர்ந்துகொண்டே இருக்கிறது. வெளிச்சம் மிகும்போது கண் கூசி ஒன்றும் தெரியாமற்போவதும் உண்டு. லெனனின் இளமைத் தோழர் பால் மெக்கார்ட்னி, செய்தி கேட்ட நாளில் இலண்டனில் வழக்கம்போல் ஒலிப்பதிவுக்குச் சென்றார். வெளியே வந்தபோது மொய்த்த செய்தியாளரிடம் ஏதோ அலட்சியம்போல் ஒரு சொல் சொன்னார். உலகம் அவரைத் தூற்றியது. அதிர்ச்சியில் வேறு சொல் வரவில்லை என்று பின்னர் அவர் விளக்கினார். மிக அருகில் இருந்தவரிடம் சொல்லே இல்லை. தாகாஸ்தே ஊரில் தம் உயிர் நண்பனை இழந்த அகுஸ்தீனாரும், அச்செய்தி வந்த வேளையை விவரிப்பதில்லை. நண்பனோடு சுற்றிய இடங்களையெல்லாம் காணப் பொறாமல், சொந்த ஊரே வேதனையாகி அதை விட்டுப் போனதைத்தான் எழுதுகிறார். கண்ணீரை நிறுத்துப் பார்க்கும் தராசு நம்மிடம் இல்லை. ஆற்றாமல் விட்ட அந்த மறையுரை, அத்தகைய தராசைக் கையில் எடுக்க முயன்றது.

ஓட்டுநருக்கு இவற்றையெல்லாம் ஒரு மடலில் எழுதினோம். நமது பதிவேட்டின் கதையையும் மறைக்காமல் எழுதினோம். முன்பு சொன்ன விடையைத் திரும்பப் பெறவில்லை. அதோடு ஒன்றைச் சேர்த்தோம். “உங்கள் அம்மா எப்போது இறந்தார் என்பது உங்களுக்கு நினைவில்லை. அவர் எப்படி வாழ்ந்தார் என்பது நினைவிருக்கிறது. அந்நியரின் பிள்ளைக்காக அவர் செபித்த இரவு உங்களிடம் இருக்கிறது. அதைச் செய்துகொண்டே இருங்கள்.” சுருக்கமான பதில் வந்தது. அவர் பணி ஓய்வு பெற்றுவிட்டாராம். வாரத்தில் இருநாள் முதியோர் இல்லம் ஒன்றுக்குச் சென்று இறக்கும் நிலையில் உள்ளவர்கள் அருகில் அமர்கிறாராம். “யார் இறந்தபோது எங்கே இருந்தேன் என்று இப்போது எனக்குச் சில பெயர்களோடு சொல்லத் தெரியும்” என்று எழுதியிருந்தார்.

லெனனுக்கு அவருடைய மனைவி அடக்கச் சடங்கு ஒன்றும் நடத்தவில்லை. அதற்கு மாறாக, 1980 டிசம்பர் 14 அன்று, அவரவர் இருக்கும் இடத்திலேயே பத்து நிமிடம் மௌனமாய் நின்று அவருக்காகச் செபிக்குமாறு உலகைக் கேட்டுக்கொண்டார். நியூயார்க்கின் பூங்காவில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடி நின்றனர். பல வானொலி நிலையங்கள் ஒலியடங்கின. நம் ஆண்டவரும் தம் இறப்பின் நினைவை நம்மிடம் விட்டுச் சென்றபோது, அது நிகழ்ந்த வேளையில் நாம் எங்கே இருந்தோம் என்று எண்ணி அமர்ந்திருக்கச் சொல்லவில்லை. அப்பத்தைப் பிட்டு, தம் நினைவாகச் செய்யச் சொன்னார். திருச்சபையில் நினைவு என்பது செயல். ஆகவேதான் நாம் எவருமே உடன் இல்லாத அந்த மரணத்துக்கு ஒவ்வொரு திருப்பலியிலும் உடன் இருக்க இயல்கிறது.

ஆண்டுதோறும் டிசம்பர் 8 அன்று மாலைத் திருப்பலியில் இறந்தோருக்காக மன்றாடுகையில், மூன்று பேரை நாம் தவறாமல் நினைவுகூர்கிறோம். ஒருவர் பாடகர்; ஒருவர் நாம் ஒருமுறையும் கண்டிராத ஒரு தாய்; ஒருவர் நம்மைக் கூப்பிட்டு நாம் போகாத உபதேசியார். திருப்பலி முடிந்தபின் எண்ணெய்ச் சிமிழைச் சரிபார்த்து, கதவருகே உள்ள மாடத்தில் வைக்கிறோம். இரவில் எந்த மகள் வந்து கதவைத் தட்டினாலும், நாளைக் காலை என்று சொல்லாதிருக்கும் அருளுக்காக மன்றாடிவிட்டே படுக்கச் செல்கிறோம்.